மிளகுத் தராசில் என் எடை

என் உடம்பின் எடையைப் பல மாதங்கள் மிளகு நிறுக்கும் தராசில் பார்த்துவந்தேன். அதுகூடப் பரவாயில்லை. மூட்டைக்குச் சாக்கின் எடையைக் கழிப்பதுபோல வேட்டிக்கும் சட்டைக்கும் சாக்குக் கழிவு போட்டேன். மழைக்காலத்தில் ஈரக் கழிவும் போட்டேன். கழிவெல்லாம் போக நின்ற எண்ணை மட்டும் வீட்டில் சொன்னேன். வீட்டில் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் இப்படிச் செய்வானா என்று கேட்டால், செய்வான்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகுக் கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மிளகில் பப்பாளி விதை இருக்கும், கல் இருக்கும், எடை கூடத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட், கிடங்குக்குள் மூட்டைகளைத் தன் கண்முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடச் சொல்வான். நல்ல சரக்கு கைக்கு எட்டும் வரிசையில் இருக்கும். ஈரச் சரக்கு உத்தரத்தை ஒட்டி உச்சியில் இருக்கும். எனவே தரம் பார்ப்பவன், மூட்டையில் குத்திச் சரக்கை எடுக்கும் குத்தூசியை இடுப்பில் செருகிக்கொண்டு அட்டியின்மேல் ஏறியே ஆகவேண்டும்.

ஒரு வருஷம் சீசன் முடிவில் நான் ஏறினேன். ஏறியது என்னவோ ஏறிவிட்டேன். இறங்கத்தான் முடியவில்லை. முழங்கால் நடுங்கியது, மூச்சு வாங்கியது, கீழே பார்த்தால் தரை நகர்ந்தது. கடைசியில் சுமை தூக்குபவர்களின் தலைவரான மூப்பன் மேலே வந்து, மூட்டையை இறக்குவதுபோலவே என்னைத் தோளில் போட்டு இறக்கினார். இறக்கி வைத்தவர் பழக்கதோஷத்தில் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியையும் உதறினார்.

சேட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

"சாமி, சாரமில்ல, பரவால்ல. அடுத்த சீசன் முதல் லோடுக்கு நீங்க ஏறிப் பாருங்க. முடியலேன்னா என் தங்கச்சி பையன் ஏறட்டும். நீங்க கீழ உக்காந்து சாம்பிள் பொட்டலம் மடிக்கலாம்."

அந்தத் தங்கை மகனுக்கு மிளகுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் குரங்கு மாதிரி ஏறுவான். பொட்டலம் மடிக்கும் கற்பனையே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே தேகப்பயிற்சி நிலையத்துக்குப் போனேன்.

நிலையம் என்பது காயலோரம் ஓடு இறங்கிய ஒரு பழைய கொட்டகை. நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர். பாதி மலையாளமும் தூத்துக்குடி மாலுமிகளிடம் பிடித்துக்கொண்ட தமிழ் பாதியுமாகப் பேசுவார். அவருக்கே கொஞ்சம் தொப்பை இருந்தது. என் முதல் சந்தேகம் அங்கே தொடங்கியது.

"சாமிக்கு மெலியணுமா, பலம் வைக்கணுமா?"

"ரெண்டும்."

"வர்றவங்க எல்லாரும் ரெண்டும் சேர்த்துத்தான் கேப்பாங்க. ஆத்யம், முதல்ல இதப் பிடிங்க."

வெறும் இரும்புத் தண்டைத் தோளில் வைத்தார். இரண்டு முனையிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் இரு பக்கமும் எடைத் தட்டுகளை மாட்டி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். பஜார் ரோட்டில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதன் நான்.

"தட்டு மாட்டலையா?"

"தண்டு மாத்திரம் மதி, போதும். இதுக்கே நாளைக்குச் சாமி படியிறங்கும்போது என்னைத் திட்டுவீங்க."

திட்டினேன். படியிறங்கும்போது மட்டுமில்லை, கழிவறையிலும் திட்டினேன்.

முறை மிக எளிது. வாரத்தில் மூன்று நாள், தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழவேண்டும், தலைக்கு மேலே தள்ளவேண்டும், தரையிலிருந்து இழுத்து நிமிரவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தட்டு கூடுதல். அவ்வளவுதான். இவ்வளவு எளிமையாக ஒருவன் ஒன்றைச் சொன்னால் அதில் ஏதோ கலந்திருக்கிறான் என்பது என் தொழிலின் முதல் பாடம். நானும் எது கலந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே உட்கார்ந்து எழுந்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் சந்தேகப்படும் உரிமை என் மனைவியிடம் போயிற்று. நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே ஊறிப்போன குடும்பம். சோற்றைப் பாதியாக்கு, தேங்காயை நிறுத்து என்று நான் சொன்னதை அவள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். செலவு மிச்சம். சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது.

"ஏன்னா, அந்த மாஸ்டர் உங்களுக்கு என்ன திங்கக் குடுக்கறார்?"

"ஒண்ணுமில்லையே. பயறு முளை கட்டி, கொஞ்சம் பால்..."

"பயறுக்குத் தோடு வெள்ளையாவா இருக்கும்? சட்டையைத் தோய்க்கப் போட்டா பாக்கெட்ல கிடக்கறதாக்கும்."

"அது யாரோ..."

"யாரோன்னா? கோழி உங்க பாக்கெட்ல வந்து அடை காத்துட்டுப் போச்சாக்கும்?"

அன்றிலிருந்து கொட்டகையிலேயே முட்டைத் தோட்டை உரித்துப் போட்டுவிட்டு வரக் கற்றுக்கொண்டேன். அவளும் அன்றிலிருந்து என் வாயை முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

எடை பார்ப்பதற்குத்தான் கிடங்குத் தராசு. ஐந்து மூட்டைகளை ஒன்றாக ஏற்றி நிறுக்கும் மேடைத் தராசு அது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் அதில் ஏறி நிற்பேன். முதல் சில வாரம் எடை மளமளவென்று இறங்கியது. நான் ஏமாறவில்லை. புதுச் சரக்கு காயும்போது முதலில் போவது ஈரம்தான். பிறகு முள் அசையாமல் நின்றுவிட்டது. வாரக்கணக்கில் அதே இடம். மெலிந்தேனா என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. கால்சட்டை போடுகிறவனுக்கு இடுப்பு தளர்ந்தது தெரியும். வேட்டி எந்த இடுப்புக்கும் துரோகம் செய்வதில்லை.

மனைவி அவியலில் ரகசியமாகத் தேங்காய் அரைத்து விடுகிறாள் என்று சந்தேகப்பட்டேன். குழம்புக் கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "என்ன, அதுலயும் பப்பாளி விதை தேடறேளா?" என்றாள்.

சீசன் தொடங்க இருந்த நேரம். ஒரு மத்தியானம் ஏறி நின்றால், முந்தின வாரத்தைவிட இரண்டு கிலோ குறைவு. இறங்கி, முள்ளைத் தட்டிவிட்டு, திரும்ப ஏறினேன். அதே இரண்டு கிலோ. என் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்ட ஒரே எண் அதுதான். நேராக ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

வெற்றியைச் சீரணிப்பதற்குள் வேறு சந்தேகம் கிளம்பியது. உடம்பு இவ்வளவு குறைகிறது, தூக்கும் பாரமோ வாராவாரம் கூடுகிறது. குறைகிற உடம்புக்குக் கூடுகிற பலம் எங்கிருந்து வரும்? விடை பளிச்சென்று தெரிந்தது. மாஸ்டரின் தட்டுகள் பொய். மேலே இருபது கிலோ என்று வார்த்துவிட்டு உள்ளே குறைத்திருக்கிறான்.

மறுநாள் காலை, பயிற்சி முடிந்ததும், பெரிய தட்டு ஒன்றை மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "வீட்டில் பழக" என்றேன். செய்தித்தாளில் சுற்றிக் கிடங்குக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்தேன். பதினெட்டு. சரியாக இரண்டு கிலோ குறைவு. மிளகில் கல்லைக் கண்டுபிடித்தவனைப்போல மாலையில் கொட்டகைக்குத் திரும்பினேன்.

"மாஸ்டர், உங்க இருபது பதினெட்டுத்தான்."

கொட்டகையில் எல்லோரும் தண்டைக் கீழே வைத்தார்கள். மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சாமி, நான் கப்பல்ல உப்புத் தண்ணி குடிச்சுச் சம்பாதிச்ச தட்டு இது. எந்த ஊர் தராசு சொல்லுது?"

"எங்க கிடங்குத் தராசு."

"மிளகு நிறுக்கறதா?" என்றார். பிறகு அந்தக் கேள்வியிலேயே பதில் கிடைத்ததுபோலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாங்க. போட்டுல போவோம்."

படகுத்துறையில் வெலிங்டன் தீவுக்குப் போகும் போட்டைப் பிடித்தோம். தட்டை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரச் சேச்சி காகிதத்தை விலக்கிப் பார்த்தாள்.

"சாமி, எந்தா இது? அண்டாவுக்கு மூடியா?"

"மூடி இல்ல சேச்சி," என்றார் மாஸ்டர். "பிரதி, குத்தவாளி. கோர்ட்டுக்குக் கொண்டுபோறோம்."

துறைமுக ரயில் ஸ்டேஷனில் காசு போட்டால் எடை சொல்லும் இயந்திரம் நின்றது. தட்டை அதன்மேல் வைத்துக் காசு போட்டார். விளக்குகள் சுழன்று ஓர் அட்டை விழுந்தது. இருபது. மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் ராசிபலன்: நீங்கள் நேர்மையானவர், நெருங்கியவர்களே உங்களைச் சந்தேகிப்பார்கள். மாஸ்டர் அதை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு அட்டையைத் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். "தட்டோட ஜாதகம்," என்றார்.

காசுக்கு ராசி சொல்லும் இயந்திரத்தை நம்புவதா என்று நான் முனகியதால், பார்சல் ஆபீஸ் தராசிலும் வைத்தோம். அங்கேயும் இருபது. அங்கேயே என்னையும் ஏற்றினார். முள் போய் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த பழைய இடம்.

திரும்பும் போட்டில்தான் எனக்கு விளங்கியது. கொள்முதல் தொடங்கும் நேரத்தில், ஏற்றும் சரக்கு இரண்டு கிலோ குறைவாகத் தெரியும்படி சேட்டின் தராசில் யாரோ ஒரு திருகைத் திருகியிருந்தார்கள். உலகத்தையே சந்தேகப்பட்டவன், தினமும் காலடியில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். காரணம் எளிது. அது எனக்குப் பிடித்ததைச் சொன்னது.

மறுநாள் சேட்டிடம் போய், தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் நெய் ரோஸ்ட் வரை சொல்லவேண்டி வரும். "சந்தேகம்," என்றேன்.

"சாமி, உங்க சந்தேகம் மிளகுக்கு. தராசு பாக்க வேற ஆளுண்டு. திங்கக்கிழமை முதல் லோடு. ஏறுவீங்கதானே?"

ஆனாலும் மறுநாள் தராசு சரியாகியிருந்தது. எனக்கு இரண்டு கிலோ திரும்ப ஏறியிருந்தது. நேர்மையால் எடை கூடியவன் மட்டாஞ்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை அட்டி உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. தங்கை மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நின்றான். ஏஜென்ட் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். போன வருஷம் நடந்தது அவன் காதுக்கும் போயிருக்க வேண்டும். நான் வேட்டியை மடித்துக் கட்டி, குத்தூசியைச் செருகிக்கொண்டு, மூட்டை இடுக்கில் காலை வைத்தேன்.

கால் பிடித்தது. அடுத்த காலும் பிடித்தது. தண்டைத் தோளில் வைத்து எழும் அதே எழுச்சி, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒன்று. முழங்கால் நடுங்கவில்லை. இரண்டு தடவை அட்டி லேசாக ஆடியதுபோல் இருந்தது, என் தலைசுற்றல் என்று நினைத்துக்கொண்டேன். உச்சியில் உட்கார்ந்து மேல் வரிசையில் குத்தூசியைச் செலுத்தி இழுத்தேன். உள்ளங்கையில் விழுந்த மிளகு ஈரமாக, கறுப்புச் சேறுபோல ஒட்டிக்கொண்டது. அதைக் கீழே நின்ற ஏஜென்டின் தலைக்கு நேராக உதறினேன். பிறகு என் சொந்தக் காலால் இறங்கினேன். சேட் தலையை ஆட்டினார். தங்கை மகன் சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

மாலையில் மூப்பன் என்னைத் தேடி வந்தார். பாராட்டுவதற்கென்றே வந்திருக்கிறார் என்று எண்ணி, மார்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றேன்.

"நல்லா ஏறினீங்க சாமி," என்றார், தோளைத் தேய்த்துக்கொண்டே. "ஆனா அடுத்த தடவை முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லணும். அட்டி சாயாம பின்பக்கம் முட்டுக் குடுக்க இன்னும் ரெண்டு ஆள் வேணும். இன்னைக்கு நாங்க நாலு பேர் போதலை."