தண்ணீர் செய்த மூன்று ஆண்டுகள்

ஒரு தொழிலை மூன்று ஆண்டுகள் செய்ததை ஆவணங்களால் நிரூபிப்பவர், வகுப்பறைக்குள் கால் வைக்காமலே அத்தொழிலுக்குரிய பட்டத்தைக் கோரலாம். அன்றைய பிரெஞ்சுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. நல்ல சட்டம். அரசாங்கக் கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த புதுச்சேரிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல சட்டங்களைத்தான் நாங்கள் கூடுதல் கவனத்தோடு பாதுகாப்போம், யாரும் பயன்படுத்திவிடாதபடி.

பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய மகள் 2009இல் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வீடியோ கேம் செய்ய இங்கிலாந்துக்குப் போனாள். 2012இல் வேலை போய்த் திரும்பியபோது பாரிஸ் நிறுவனங்கள் பட்டம் கேட்டன. அப்பா அவளைக் கல்லாவில் நிறுத்தினார், பேசுவதையும் நிறுத்தினார். என்னிடம் மட்டும் ரகசியமாக, "ஐயா, இவளுக்கு அந்தப் பேப்பரை எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ" என்றார்.

முதல் இரண்டு வருடச் சம்பளச் சீட்டுகள் காகிதத்தில் இருந்தன. மூன்றாம் வருடத்தவை கம்பெனியின் இணையதளத்தில். கம்பெனி மூடியதும் அதுவும் மூடியது. ஆகவே அப்படியொரு கம்பெனி இருந்தது என்பதிலிருந்தே நான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அதன் வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதினேன். இரண்டு பள்ளித் தோழர்கள் கசாப்புக் கடை மாடியில் தொடங்கியது; கேம்கள் கேசட்டில் விற்ற காலம். பிறகு பெரிய கட்டடம், புதுப் பெயர். பிறகு ஓர் அமெரிக்க முதலாளி, இன்னொரு பெயர், ஒரு பிங்பாங் மேசை. ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் அந்த மேசையைச் சுற்றி நிற்க வைத்து, மூடுவதாகச் சொன்னார்களாம். அவளை அதற்கும் முன்பே, கடைசி கேம் வெளிவர மூன்று வாரம் இருக்கையில், அனுப்பிவிட்டிருந்தார்கள். அதில் வரும் ஆறு, மழை, குட்டை எல்லாம் அவள் செய்தவை.

கேமை முடித்தால் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும் என்றாள். எனக்கு அது போதும். இந்த நாட்டில் எதையும் நேரில் பார்த்து எழுதித் தர நீதிமன்ற அமீனா உண்டு. அவர் எழுதியதை யாரும் லேசில் மறுக்க முடியாது. ஒருவரைக் கூட்டிவந்து, கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தேன். டை கட்டியிருந்தார்.

அவள் கேமை ஆடினாள்; அதன் கடைசிக் கட்டத்தில் வரும் பிசாசிடம் மூன்று முறை செத்தாள். ஒவ்வொரு சாவையும் அமீனா நேரத்தோடு குறித்துக்கொண்டார். வாசலில் நின்ற அப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மாதக்கணக்கில் பேசாதவர் மகளிடம் கேட்டார்:

"மூண்டு வருஷம் செய்தனி, உன்ரை பிசாசை உனக்கே அடக்கத் தெரியேல்லையோ?"

"அது என்ரை பிசாசில்லையப்பா. நான் தண்ணி மட்டுந்தான்."

"அப்ப அதைத் தண்ணிக்குள்ளை தள்ளன்."

தள்ளினாள். செத்தது. பெயர்கள் ஓடின. ஊழியர் பட்டியலில் அவள் இல்லை. வெளியீட்டுக்கு முன் வெளியேறியவர் பெயர் அதில் வராது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கமாம். அவள் இருந்தது நன்றிப் பட்டியலில், நிறுவனர் வீட்டு நாய்க்கும் பக்கத்துச் சாண்ட்விச் கடைக்கும் நடுவில். அமீனா அதை அப்படியே எழுதினார், நாய் உட்பட.

பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது: நன்றி தெரிவிக்கப்படுவது வேலை ஒப்பந்தம் ஆகாது. அப்பழுக்கில்லாத வாக்கியம். என் காலத்தில் நானே எழுதியிருப்பேன்.

"அங்கிள், எனக்கும் நாய்க்கும் சேர்த்து ஒரு பட்டம் கேட்டுப் பாருங்கோ" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

கம்பெனியின் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்ட லண்டன் கலைப்பாளரிடம்தான் பழைய தாள்கள் இருந்தன. ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவள் கல்லாவிலேயே நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் எங்கள் எவரையும் கேட்காமல் அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. மூன்றாண்டு வேண்டாம், ஓராண்டு போதும். கையிலிருந்த சம்பளச் சீட்டுகளை வைத்தே விண்ணப்பித்தாள், தேர்வுக்குழு முன் தண்ணீரைப் பற்றிப் பேசினாள், பட்டத்தை வாங்கினாள். பாரிஸில் ஒரு கேம் நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

அவள் மூன்றாண்டும் முழுநேர ஊழியராக இருந்ததை உறுதிப்படுத்தும் கலைப்பாளரின் கடிதம், பாரிஸில் பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை என் தபால்பெட்டிக்கு வந்து சேர்ந்தது: 2018 பிப்ரவரி 6.