நிரம்பியே இருந்த பானை

1991-ம் வருடம். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலையில் அப்போது மணிக்கு ஒரு பஸ் வந்தாலே பெரிது. ஊர் பெயர் வேண்டாம். நடந்த தப்பு ஊருடையது அல்ல, என்னுடையது.

எனக்குக் கணக்கு மட்டும் வேலையில்லை. குடிதண்ணீர், தோட்டம், சுகாதாரம் மூன்றையும் தலைமையாசிரியர் என் தலையில் கட்டியிருந்தார். நானும் சளைத்தவனில்லை. வராந்தாவில் மாணவர்களுக்கு ஒரு மண்பானை, மாணவிகளுக்கு ஒரு மண்பானை வைத்து, தினமும் காலையில் அடிபம்பிலிருந்து நிரப்பச் செய்வேன். மாணவர்கள் பானை பதினொரு மணிக்கே காலியாகிவிடும். மாணவிகள் பானை சாயங்காலம் வரை அப்படியே நிரம்பியிருக்கும். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் தினமும் செடிகளுக்கு ஊற்றினேன். செம்பருத்தியும் கனகாம்பரமும் பூத்துக் குலுங்கின. ஆய்வுக்கு வந்த அதிகாரி தோட்டத்தைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

பள்ளியில் மாணவிகளுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. கட்டியதிலிருந்து பூட்டியே இருந்தது. பூட்டியது நான்தான். அத்தனை பிள்ளைகள் போனால் ஒரே நாளில் நாறிவிடும், ஆய்வின்போது மானம் போகும் என்று நினைத்தேன். சாவி என் சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கியது.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். சேரப்பணஞ்சேரி பக்கமிருந்து நடந்து வருவாள். நான் போர்டில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை. எங்கள் பள்ளியில் முதன்முதலில் நூற்றுக்கு நூறு வாங்கப்போவது இவள்தான் என்று ஆசிரியர் அறையில் நான் சொல்லாத நாளில்லை. காலாண்டுத் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

அரையாண்டில் அறுபத்தொன்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜனவரியிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் ஒழுங்காக இருப்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் நெளிவாள், மேஜைமேல் கவிழ்ந்துகொள்வாள். வாரத்தில் இரண்டு நாள் மதியம் லீவு கேட்பாள். "வீட்டில் சாப்பாடு ஜாஸ்தியோ?" என்று வகுப்பே சிரிக்கும்படி ஒருநாள் கேட்டேன். இன்னொரு நாள் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினேன். இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாடவேளை முழுவதும் நின்றாள். அதையும் நான் திமிர் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் அவள் வருவது நின்றுபோனது. பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவளுடைய தோழி சொன்னாள். நான் போனேன். அக்கறையில் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் நூற்றுக்கு நூறு கைவிட்டுப் போகிறதே என்ற பதைப்பில்தான் போனேன். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப் போவார்கள். நான் பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்றை எடுத்துப் போனேன்.

காய்ச்சலில் உதடு வெடித்துப்போய் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே தரையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நடவு வேலைக்குப் போகிறவர். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மூத்திரத்துல கிருமியாம் சார். கிட்னி வரைக்கும் பூட்ச்சாம். தண்ணியே குடிக்காததாலதான் இப்டி ஆச்சுன்னு டாக்டரம்மா என்னைத் திட்டுது."

"ஏன்மா, ஸ்கூல்ல பானை நிறையத் தண்ணி வச்சிருக்கோமே" என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

"குடிச்சா எங்க சார் போவும்? பின்னாடி வேலிகாத்தான் பொதருதான் கீது. அங்க பசங்க ஆடிகினு இருப்பானுங்க. பொட்டப்புள்ள எப்டி சார் போவும்? காலைல வூட்ல போனா, சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான். பொண்ணுங்க அல்லாமே அப்டித்தானாம். இன்னாவோ ஒரு ரூமு கட்டி பூட்டி வச்சிகிறாங்களாமே? நீங்க பெரிய வாத்தியார்கிட்ட சொல்லித் தொறக்கச் சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போவும்."

என் பேண்ட் பையில் அந்தச் சாவி இருந்தது. பூட்டியது நான்தானம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேள்வித்தாள் கட்டைக் கொண்டுபோனபடியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் கண்முன் நின்றது அந்தப் பானைதான். தினமும் சாயங்காலம் நான் செடிக்கு ஊற்றியது வீணாய்ப்போன தண்ணீர் இல்லை. எழுபது எண்பது பெண்பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு மிச்சம் வைத்த தண்ணீர்.

மறுநாள் காலையில் பூட்டைத் திறந்தேன். ஒருத்திகூடப் போகவில்லை. நான் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் எப்படிப் போவார்கள்? அதுவும் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சாவியைத் தையல் டீச்சரிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். செடிகளுக்குப் போய்க்கொண்டிருந்த வாளித் தண்ணீர் கழிப்பறைக்குப் போனது. ஒரு வாரம் கழித்து ஒரு மதியம் மாணவிகள் பானையைத் திறந்து பார்த்தேன். அடி தெரிந்தது. வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் செம்பருத்தி வாடியது. வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் தேர்வுக்கு நான்கு நாள் முன்புதான் வீடு திரும்பினாள். அம்மா துணைக்கு வர, மாத்திரையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கணக்கில் எண்பத்து மூன்று.

மதிப்பெண் பட்டியல் வாங்க ஜூனில் வந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை. மனசு கேட்காமல் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன், அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தது நான்தான் என்று.

"தெரியும் சார். சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு எங்க அல்லாருக்கும் தெரியும். கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் உங்கம்மாகிட்ட சொல்லல?"

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா அம்மா ஆஸ்பத்திரிலயே உங்களக் கேட்டிருக்கும் சார். அத்தன பேர் எதிர்ல உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்திருக்கும்."

வகுப்பே சிரிக்க அவளை நான் கேலி செய்ததும், பெஞ்சில் ஏற்றி நிறுத்தியதும் ஒருசேர ஞாபகம் வந்தன.

பிறகு பல பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். மார்க் குறைந்த பிள்ளையை ஏன் படிக்கவில்லை என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்ததுதான். அவளிடமிருந்து அந்தப் பதினேழு மதிப்பெண்ணைப் பறித்தவன் நான் என்று தெரிந்தும், பெற்ற தாயிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெண்ணை நினைத்தால், இந்த வயதிலும் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.