செஞ்சிக்கோட்டைக்குப் போட்ட பட்டியல்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கின் எட்டுக் குடும்பமும் செஞ்சிக்கோட்டை பார்க்க இரண்டு வேனில் கிளம்பினோம். என் கணவர் ஃபேக்டரியில் செய்வதுபோலவே பட்டியல் எழுதி, ஆள் ஏற ஏற டிக் போட்டார். எங்கள் பிளாக் பிள்ளைகள் எந்த வீட்டிலும் சாப்பிடும், தூங்கும். ஐந்து வயது மகள் சுதா, பக்கத்து வீட்டு மேரியோடு முன் வேனில் ஏறியிருப்பாள் என்று நானும் வீட்டைப் பூட்டிவிட்டேன்.

பூந்தமல்லியில் டீக்கு நிறுத்தியபோது மேரி கேட்டாள்: "சுதா தூங்குறாளாக்கா?"

இரண்டு வேனிலும் ஏறித் தேடினேன். சுதா இல்லை.

"டிக் போட்டிருக்கேனே!" என்றார் கணவர். டிக்காம் டிக்! சொந்த மகள்தானே என்று பார்க்காமலே போட்டிருக்கிறார்.

டிரைவர் வேனைத் திருப்பினார். "அழுவாதம்மா, கொயந்த ஊட்லதான் இருக்கும்" என்றார். எனக்கோ ஸ்டவ்வை அணைத்தேனா என்பதே ஞாபகமில்லை. பிளாக்கே காலி. அவள் கத்தினாலும் கேட்க ஆளில்லை.

கதவைத் திறந்தேன். புது கவுனோடு, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி கதவுக்கு உள்பக்கமே நின்றிருந்தாள். "இன்னொரு செருப்பத் தேடினேன். நீ ஏம்மா என்னைக் கூப்பிடல?"

சுதா இப்போது ஹாஸ்டலில் படிக்கிறாள். இன்றும் உள்ளே பார்த்து அவள் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்ட பிறகுதான் வீட்டைப் பூட்டுகிறேன்.