பத்து மணிச் சாப்பாடு

முன்பள்ளி ஆசிரியை என்றால் பாட்டும் ஆட்டமும்தான் வேலை என்று ஊர் நினைக்கிறது. பத்து மணிக்கு இருபத்திரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக் கெஞ்சும் நமக்குத்தானே தெரியும். நாடி தடவி, பட்டப்பகலில் நிலாவைத் தேடித் தொண்டை வற்றிய சக ஆசிரியைகளே, இது உங்களுக்காக.

மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்ப் பக்கம் எங்கள் முன்பள்ளி. அநேகமாக எல்லாம் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். இந்த வருடம் எனக்கு வாய்த்த கவலையின் பெயர் டிலானி. நாலு வயது. மாதாமாதம் நிறுக்க வரும் மருத்துவமாதுவின் அட்டையில் மூன்று மாதமாக அவள் எடை ஏறவேயில்லை. அடுத்த முறையும் ஏறாவிட்டால் மன்னார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத் தாய் மெற்றில்டா என் முன்னால் உடைந்துபோனாள். "நான் என்ன பிழை விட்டனான் ரீச்சர்?"

சிவப்புக் கூடை

பயிற்சியில் கற்றுத்தந்த விளையாட்டு இது. உடம்புக்கு நல்லதெல்லாம் பச்சைக் கூடையில். பக்கற்றில் வரும் நொறுக்குத்தீனியும் இனிப்பும் சிவப்புக் கூடையில். படங்களை வெட்டிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பிள்ளைகள் கரைத்துக் குடித்துவிட்டு, அடுத்தவர் பெட்டிக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள். டிலானி ஒரு படத்தைக்கூடப் பிழையாகப் போடவில்லை. தன் பெட்டியிலிருந்த புட்டை மட்டும் தொடவில்லை.

அன்று நானும் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று கிறீம் பணிஸ் ஒன்றை அவசரமாகக் கடித்தால், காலடியில் அஜந்தன். வகுப்பிலேயே சின்னவன். சிவப்புக் கூடையை எனக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"ரீச்சர், இதுக்குள்ள துப்புங்கோ."

கரட் ஏலம்

பிறகு மரக்கறிக் கடை விளையாட்டு. மேசையில் கரட், போஞ்சி, பப்பாளித் துண்டுகளைப் பரப்பி, "வாங்கோ, என்ன வேணும்?" என்று கேட்கப் பழக்கினேன். ஒருவரும் மேசைப் பக்கம் வரவில்லை. இவர்களுக்குத் தெரிந்த வியாபாரம் கரையில் மீன் ஏலம் கூறுவதுதான். ஜெனிற்றா என்ற வாயாடி கரட்டையெல்லாம் நிலத்தில் குவித்துக் கூறத் தொடங்கினாள். "ஐஞ்சு!" "நூறு!" "ஏழு!" ஏழு என்றவனுக்கே கொடுத்துவிட்டாள், எது பெரிது என்று அவளுக்கும் தெரியாது. சண்டைபோட்டு எடுத்த கரட் அல்லவா, வீட்டில் கண்டாலே வாயைப் பொத்துகிறவர்கள் மொறுமொறுவென்று கடித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டிலானியும் ஒரு துண்டு பப்பாளி எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். ஏன் பிள்ளை சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அப்பா வரட்டும்."

கடலால் வந்தவர்

இதைக் கேட்டும் நான், பிள்ளைக்குத் தகப்பனில் பாசம் என்று சிரித்துக்கொண்டு போனேன். என் தலையில் நானே குட்ட வேண்டும். அடுத்த வாரம் வீடு விளையாடும்போது டிலானி, அம்மாவாக இருக்க மாட்டேன், அப்பாதான் என்று அடம்பிடித்தாள். தோளில் துண்டைப் போட்டு, "கடலால வந்திட்டன்!" என்று நுழைந்தாள். நடுவில் ஒரு தட்டை வைத்து எல்லோரையும் சுற்றிவர இருத்தி, மணல் சோற்றைக் குழைத்து, ஒவ்வொரு கையிலும் ஓர் உருண்டை வைத்தாள். ஒருவரையும் விடவில்லை.

அன்றே மெற்றில்டாவைக் கேட்டேன். கணவர் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்யப் போய் நாலு மாதமாம். வீட்டில் இருந்தவரை அவர்தான் ஒரே தட்டில் சோறு குழைத்து எல்லோருக்கும் கொடுப்பாராம்.

"அவர் போனதில இருந்து நான் நிண்ட நிலையிலதான் சாப்பிடுறன் ரீச்சர். பிள்ளைக்குப் போட்டுக் குடுத்திட்டு என்ர வேலையைப் பாத்திடுவன்."

ஒரே தட்டு

ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கரண்டி என்பது எங்கள் விதி. அடுத்த நாளே அதை மீறினேன். எல்லோருக்கும் கை கழுவித் துடைத்து, பாய் விரித்து, பெரிய தட்டில் சோறு, பருப்பு, முருங்கையிலை, முள் எடுத்த மீன் எல்லாம் போட்டுக் குழைத்தேன். நாளுக்கொரு பிள்ளை அப்பா. உருண்டைகளைக் கொடுப்பது அவர் வேலை. முதல் நாள் டிலானி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தான் சும்மா இருந்தாள். இரண்டாம் நாள் அஜந்தன் அவள் கையில் ஒன்றை வைத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட்டாள். அடுத்ததற்கும் கையை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. மெற்றில்டாவைக் கூப்பிட்டு அந்தப் பாயில் இருத்தி, எங்களோடு சாப்பிட வைத்தேன்.

நிறுக்கும் நாளில் டிலானி தராசில் ஏற, மெற்றில்டா மாதாவைக் கூப்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டாள். முந்நூறு கிராம் கூடியிருந்தது. இன்னும் ஏற வேண்டும்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. "என்ன சத்துமா குடுத்தனீங்கள்?" என்று மருத்துவமாது மெற்றில்டாவைக் கேட்டார்.

"புதுசா ஒண்டும் குடுக்கேல்ல மிஸ். நான் இப்ப அவளோட இருந்து சாப்பிடுறன்."

இனி என் கவலையெல்லாம், நாலு பேரும் நாலு மூலையில் சாப்பிடும் என் சொந்த வீட்டை எந்த விளையாட்டைக் காட்டி ஒரு பாயில் இருத்துவது என்பதுதான்.