மண்டையோட்டுப் பேக்கரி

முகைதீன்பாவாவின் பேக்கரிக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருக்கிறது. அவருடைய வாப்பா வைத்த பெயர். பலகையில் பச்சைப் பெயின்றால் எழுதி, ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் முன்னால் புதுப்பித்து, மழை படாமல் மேலே தகரம் வேறு அடித்து வைத்திருக்கிறார். என்ன பிரயோசனம்? முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் தமிழ் ஊரான ஆரையம்பதியும் முட்டிக்கொள்கிற அந்த எல்லையில் இறங்கி எந்த ஆட்டோக்காரனிடம் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியாது. "மண்டையோட்டுப் பேக்கரியா? ஏறுங்க" என்பான்.

வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டே மௌத்தாகியிருப்பார் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார் முகைதீன்பாவா. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாப் பிசைந்து பாண் சுட வந்த மனிதர். பேச்சு கரடுமுரடு. பாண் வாங்க வந்தவனையும் ஏசுவார், வாங்காமல் தாண்டிப் போகிறவனையும் ஏசுவார். அந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் ஏச்சு வராது. முகம் கறுத்து உள்ளே போய்விடுவார்.

அந்தப் பெயரைக் கொண்டுவந்தவள் வதனி.

வதனி தாளங்குடாவில் கடற்கரையோரம் குடியிருந்தவள். புருசன் நல்லரத்தினம் கரைவலை இழுக்கிறவன். சுனாமி வந்த காலையில் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். புருசனும் சின்னஞ்சிறு மகனும் வீட்டில். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வீடு நின்ற ஒழுங்கையும் இல்லை. மிச்சமிருந்த ஒரே ஆள் அவளுடைய தம்பி மதுஷன். அவனோ வன்னியில் இருந்தான், சண்டை திரும்ப மூண்டபோது அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

பள்ளிக்கூடத்து முகாமில் அவளை வைத்திருந்த நாட்களில் ஒரு ஜெர்மன்காரப் பிள்ளை உதவிக்கென்று வந்து சேர்ந்தாள். உடுப்புக் கறுப்பு, நகம் கறுப்பு, காதில் எலும்புத் துண்டு மாதிரி வெள்ளித் தோடு. இவளுக்குத்தான் முதலில் மருந்து கொடுக்க வேண்டும் என்று முகாமில் பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை முகாம் சிறுவர்களை விளையாட வைக்கச் சவுக்காரக் கட்டி மாதிரி பொதி பொதியாகப் பொலிமர் களி கொண்டுவந்திருந்தாள். கையால் பிசைந்து எந்த உருவமும் செய்யலாம், சூட்டில் வைத்தால் கல்லுப் போல இறுகிவிடும். சிறுவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் அள்ளிக்கொண்டு போக, கறுப்பு யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. வதனி அதை எடுத்தாள். ஊர்க் காளி கோயிலில் அம்மனின் கழுத்தில் சின்ன வயதிலிருந்தே பார்த்த மாலை அவள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பெருவிரல் நகமளவில் ஒரு மண்டையோடு செய்து வைத்தாள்.

ஜெர்மன்காரப் பிள்ளை அதைக் கையில் ஏந்திக்கொண்டு முகாமெல்லாம் காட்டித் திரிந்தாள். தங்கள் நாட்டில் இதற்குக் கோதிக் நகை என்று பெயராம், தானும் சிநேகிதிகளும் இதைத்தான் போடுகிறோமாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவள் வதனியை மறக்கவில்லை. அங்கிருந்து களி வந்தது, இங்கிருந்து மண்டையோட்டு மணிகளும், கறுத்த ரோசாப் பூக்களும், சிறகு விரித்த வௌவால்களும் போயின. அயலில் சிலர் கேட்டார்களாம், உனக்கு இதைச் செய்யப் பயமில்லையா என்று. கடற்கரையில் தேடித் திரிந்த அந்தக் கிழமையோடு பயம் போய்விட்டது என்று அவள் சொன்னாளாம்.

பயம் போனாலும் சூடு சரிவரவில்லை. அந்தக் களிக்கு மெல்லிய சூடு வேண்டும். கூடினால் கொப்பளித்துக் கருகி மூக்கைப் பிடுங்குகிற மணம் வரும். குறைந்தால் உதிர்ந்து போகும். சட்டியில் மணல் போட்டுச் சிரட்டைக் கரியில் வைத்துப் பார்த்தாள். புகை கிளம்பி, தற்காலிகக் கொட்டிலில் பக்கத்துக் குடும்பங்களோடு சண்டைதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் ஒரு பின்னேரம் அவள் பேக்கரி வாசலில் வந்து நின்றாள். பாண் எடுத்த பிறகு போறணை அடுப்பு சும்மாதானே ஆறுகிறது, அந்தச் சூட்டைத் தனக்குத் தந்தால் என்ன என்று கேட்டாள்.

முகைதீன்பாவா அவள் நீட்டிய மணியைப் பார்த்தார்.

"இது பாண் சுடுற இடம், புள்ள. சுடலை இல்ல."

"சுடலையில எரிஞ்சு போகும், காக்கா. இது எரியக்கூடாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தன்."

காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டவளை அவர் ஏசினார். ஏசிக்கொண்டே போறணைக் கதவைத் திறந்தும் விட்டார். சுனாமி வந்த அந்த மார்கழியில் கடற்கரையில் யாருடைய உடலை யார் தூக்கினார்கள் என்பது தெரிந்த மனிதர் அவர். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

வேலை இப்படித்தான் நடக்கும். பாண் எடுத்து முடிந்ததும் ஒரு கிழிந்த பத்திரிகைக் கடதாசித் துண்டைப் போறணைத் தரையில் எறிவார். பழுத்து மண்ணிறமானால், "பொறு" என்பார். வெள்ளையாகவே கிடந்தால், "போடு" என்பார். மணிகளின் பின்பக்கம் சப்பையாகிவிடாமல் இருக்க, பாண் அச்சுக்குள் கோதுமை மாவைப் பரப்பி, அதற்குள் புதைத்து வைப்பாள் வதனி. ஆறியதும் மணிகளைப் பொறுக்கிக்கொண்டு போவாள். மிஞ்சிய மா என்னவாகிறது என்று அவர் கேட்டதில்லை. நிவாரண வரிசையில் மாவுக்கு நின்றவளுக்கு மாவைக் கொட்ட மனம் வருமா? வறுத்த மாதானே என்று அரிதட்டில் அரித்து, பலகையில் தூவுகிற மாத் தகரத்துக்குள் போட்டுவிட்டுப் போவாள்.

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த நாளும் அவள் பேக்கரியில்தான் நின்றாள். பெரிய தெருவில் வெடி கொளுத்துகிற சத்தம், கொடி கட்டிய வாகனங்கள். ஆரையம்பதிப் பக்கத்து வீடுகளில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. மதுஷன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. வதனி மணிகளை எண்ணாமல் பொறுக்கினாள். மாவை அன்றைக்கு அரிக்கவில்லை. அப்படியே தகரத்துக்குள் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை, பின் ஒழுங்கையில் இருக்கிற ஆயிஷா உம்மாவின் வீட்டில் பாண் வெட்டிய கத்தி எதிலோ முட்டியது. பிரித்துப் பார்த்தால் ஒரு குட்டிக் கறுப்பு மண்டையோடு.

வெட்டியது ஆயிஷா உம்மாவின் மகள் பர்ஸானா. புருசன் நௌஷாட் கட்டாரில். முதல் இரண்டு தடவையும் கரு தங்கவில்லை. இந்தத் தடவைதான் வயிறு மேடிட்டிருந்தது. யாரோ பொறாமைக்காரர் பிள்ளையின் மேல் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று வீடே கலங்கிப்போயிற்று. பார்க்க வந்த ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, உச்சியில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, கொண்டுபோய் வாவியில் போடச் சொன்னார். போட்டார்கள். அதோடு பர்ஸானாவின் வாய் மூடிக்கொண்டது. சோறு வைத்தால் பிசைந்து பிசைந்து பார்ப்பாள், பிறகு தள்ளிவிடுவாள். தண்ணீர்தான் இறங்கியது. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற குடும்ப நல மிஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைகிறது, தாய் இன்றைக்குச் சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று ஏசிவிட்டுப் போனாள்.

பேக்கரியில் பாணைத் தொட ஆளில்லை. எல்லாம் மாட்டுக்குப் போனது. மண்டையோடு எங்கிருந்து வந்தது என்பது முகைதீன்பாவாவுக்குப் பார்க்காமலே விளங்கியது. பாணுக்குள் எப்படி வந்தது என்பதுதான் விளங்கவில்லை. அப்போதுதான் வதனி வந்தாள். கோர்க்கிற மாலையில் மண்டையோட்டு மணி ஒன்று குறைகிறது, அரிக்காமல் மாவைக் கொட்டியது நான்தான் என்று வாசலில் நின்றே சொன்னாள். அவர் அன்றைக்கு ஏசிய ஏச்சு எல்லைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அது முடியும்வரைக்கும் அவள் நின்றாள்.

"மிச்சத்தப் பிறகு ஏசுங்க, காக்கா. அந்தப் பிள்ள சாப்பிடாமக் கிடக்காம். என்னை அங்க கூட்டிப்போங்க."

அவர் தெருவை எட்டிப் பார்த்தார். நாடு இருக்கிற இருப்பில், ஒரு தமிழ்ப் பொம்புளை அந்த வீட்டுக்குப் போய் அது என்னுடைய மண்டையோடு என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒரு கை ஓங்கினால் போதும், இரண்டு ஊரும் தெருவில் நிற்கும். போகாவிட்டாலோ ஒரு பிள்ளை வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். சேர்ட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பத்தடி பின்னால் வதனி.

விறாந்தையோடு அவர் நின்றுகொண்டார். ஆயிஷா உம்மா கதவுத் திரையைப் பிடித்தபடி வதனியை மேலும் கீழும் பார்த்தாள். வதனி நடந்ததைச் சொன்னாள், ஒன்றும் ஒளிக்காமல்.

"தலையில ஆணி அடிச்ச ஓட்டை இரிந்திச்சி. என்ட கண்ணால கண்ட நான்," என்றாள் ஆயிஷா உம்மா.

"அது ஆணி இல்ல, உம்மா. மாலையில கோர்க்கிறதுக்கு நூல் ஓட்டை."

ஆயிஷா உம்மா திரையை விடவில்லை. வதனி பையிலிருந்து கறுப்புக் களியை எடுத்துக்கொண்டு அங்கேயே நிலத்தில் குந்தினாள். திரை பாதி விலகியிருந்ததால் முகைதீன்பாவாவுக்கு அவளுடைய கை மட்டும் தெரிந்தது. உள்ளங்கையில் வைத்து இளகும்வரை உருட்டினாள். இரண்டு விரலால் தாடையைக் கிள்ளினாள். ஈர்க்குத் துண்டால் இரண்டு கண், சவரப் பிளேட்டால் பல். கடைசியில் சாக்குத் தைக்கிற ஊசியை உச்சியில் வைத்துத் தாடைக்குக் கீழே வெளியே எடுத்தாள். அதை அப்படியே ஆயிஷா உம்மாவிடம் நீட்டினாள்.

ஆயிஷா உம்மா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்தும் பார்த்தாள்.

"இதுதான்," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து பர்ஸானா மெதுவாகக் கேட்டாள், "இத ஆரு போடுற?"

ஜெர்மன்காரப் பிள்ளை அனுப்பிய போட்டோ ஒன்று வதனியின் பையில் இருந்தது. கறுத்த உதடும் கறுத்த உடுப்புமாக ஒரு குமர்ப் பிள்ளை, கழுத்தில் வதனி கோர்த்த மாலை. அது உள்ளே போயிற்று.

"இந்தப் புள்ளைக்கி உம்மா, வாப்பா இல்லையா?"

"இருக்காங்களாம். அவங்கதான் இந்தப் போட்டோவே எடுத்ததாம்."

பர்ஸானா சிரித்தது விறாந்தைக்குக் கேட்டது. முதலில் ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல், அழுகையும் கலந்து. முகைதீன்பாவா படியில் குந்திவிட்டார். உள்ளே அவள் உம்மாவிடம் பசிக்கிறது என்று சொல்வதும் கேட்டது.

ஆயிஷா உம்மா திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். "இரிந்து என்ன பாக்கிற? பாண் கொண்டுவா."

முகைதீன்பாவா ஓடியதை அந்த ஒழுங்கை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பர்ஸானா கத்தி வேண்டாமென்று கையால் பிய்த்தாள். ஒவ்வொரு துண்டையும் விரலால் பிதுக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் வாயில் வைத்தாள். ஆனாலும் சாப்பிட்டாள். பாதிப் பாண் முடிய, வயிற்றைத் தொட்டுக்கொண்டு, பிள்ளை உதைக்கிறது என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது ஆயிஷா உம்மாவா, தானா என்று முகைதீன்பாவாவுக்கு இன்னும் நிச்சயமில்லை.

அதற்கு அடுத்த நாளே சனம் பாணுக்குத் திரும்பியது. ஒரு பகிடிக்காரன், மண்டையோடு போட்டதா போடாததா என்று கேட்டு வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

பர்ஸானாவுக்குப் பெண் பிள்ளை சுகமாகப் பிறந்தது. நாற்பது நாள் கழித்து ஒரு பின்னேரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் பின்னால் வந்தாள், வதனி வேலை செய்வதைப் பார்க்க. பிறகு அடிக்கடி வந்தாள். உயிருள்ள உருவம் செய்வது தங்களுக்கு ஆகாது என்று சொல்லி, கறுத்த ரோசாவும் பிறையும் செய்யப் பழகினாள். பிள்ளை மாச் சாக்கின் மேல் தூங்கும். முகைதீன்பாவா இது பேக்கரியா, தொட்டில் கட்டுகிற இடமா என்று முணுமுணுத்துக்கொண்டு, சாக்குக்குப் பக்கத்தில் ஈ மொய்க்காமல் ஒரு துண்டை விரித்து வைப்பார்.

வவுனியா முகாமில் மதுஷன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி அந்த வருடமே வந்தது. வதனி அன்றைக்கு மணி எதுவும் சுடவில்லை. போறணைக்கு முன்னால் குந்தியிருந்து அழுதுவிட்டுப் போனாள். முகாமிலிருந்து அவனை விட்டபோது காலில் காயம், தனியாக நடமாட முடியாது. வந்தாறுமூலையில் தாய்வழிக் காணித்துண்டு ஒன்று பற்றையாகக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கிக் குடிசை போட்டு, தம்பியோடு இருக்கப்போவதாகச் சொன்னாள். கரண்டில் சூடாகிற சின்னப் போறணை ஒன்றை ஜெர்மன்காரப் பிள்ளை அனுப்பியிருந்தாள். இனி இங்கே வரத் தேவையில்லை.

போகிற அன்று பஸ்ஸுக்கு நேரமாகியும் அவள் பேக்கரி வாசலில் நின்றாள். முகைதீன்பாவா மாப் பலகையை விட்டு நிமிரவில்லை. எல்லாம் எடுத்தாயா, தம்பிக்குப் பாண் கட்டித் தரவா என்று பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பர்ஸானா ரோசா சுட இனித் தனியத்தான் வருவாள், காக்கா," என்றாள் வதனி. "உங்கட ஏச்சு எனக்குப் பழகிப் போச்சு, அவளுக்குப் பழக்கமில்ல. அவளை வாசல்ல நிக்க வைக்காதீங்க. கடதாசியப் போட்டுப் பாத்து, போடு எண்டு மட்டும் சொல்லுங்க."