கொடியில் போட முடியாத துணி

ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கவனிப்பது, எங்கள் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ ஒரு துணிகூடத் தொங்காததைத்தான். மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் எங்கள் வரிசையில் உள்ள எல்லா வீட்டு முன்னும் கம்பியிலும் மூங்கில் கழியிலும் துணி ஆடிக்கொண்டிருக்கும். தெருவில் நின்று பார்த்தாலே போதும், அந்த வீட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டைப் பார்த்தால் ஆள் குடியில்லை என்று நினைப்பீர்கள். முசிறிக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊரில், காவிரி மணலில் விரித்த சேலை நாங்கள் குளித்துக் கரையேறுவதற்குள் அப்பளமாகக் காய்ந்திருக்கும். கெடாவில் மத்தியானச் சோற்றுக்குமேல் வானத்தை நம்ப முடியாது. அப்படியும் இங்கே எல்லாரும் வெளியில்தான் போடுகிறார்கள். நான் மட்டும் வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளறையில் கயிறு கட்டிப் போட்டு மின்விசிறியைச் சுழல விடுவேன். பூஞ்சை வாடை வீசுகிறது என்று பல வருஷம் முணுமுணுத்த என் மகள், சென்ற மாதம் என்னைத் துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கடைக்கு அழைத்துப் போனாள்.

கடையில் இருந்த சீனப் பையன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். எது தண்ணீர் குறைவாகக் குடிக்கும், எது சத்தம் போடாது, எது பத்து வருஷம் உழைக்கும் என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்றைத் தட்டிக்காட்டி, "இனி தா பாயா ஜெமூர், ஆண்ட்டி" என்றான். இதை வாங்கினால் வெளியே காயப்போடவே வேண்டாம், துவைத்து அதுவே காயவைத்தும் கொடுத்துவிடும் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மலாயில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: வெளியாளுக்குத் தெரியாதே? அவன் பெரிதாகத் தலையாட்டினான். ஆமாம் ஆண்ட்டி, இப்போது துணித் திருட்டு அதிகம், நல்ல யோசனை என்றான். மகள் சிரித்துவிட்டாள். அந்த இயந்திரத்தையே வாங்கினோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "யாரும்மா ஒன் துணியைப் பாக்கப் போறா? யாருக்குப் பயப்படுற?" என்று கேட்டாள். காருக்குள் இருந்து சொல்கிற பதிலாக அது இல்லை.

ஜப்பான்காரன் வந்தபோது நாங்கள் பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி, கப்பலேறி வந்து, லயத்து வரிசைவீட்டு வாழ்க்கை பிடிபடத் தொடங்கியிருந்த நேரம். என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரத் துரை ஓர் இரவில் காரேறிப் போய்விட்டார். ரப்பர் வாங்க ஆளில்லை. பால்வெட்டு நின்றது, புகைவீட்டுக்குப் பூட்டு விழுந்தது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சவுக்காரம் என்பது கண்ணில் படாத பொருளாயிற்று. வாழைச்சருகைச் சுட்ட சாம்பலைக் கரைத்து அந்தத் தண்ணீரில் துவைத்தோம். துணி நைந்தது, கையும் நைந்தது. இதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் பயம் இல்லை. பயம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியபோது வந்தது. அரிசி தருகிறோம் என்று ஆண்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரும் கோணிப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனவர்தான். பக்கத்து வீட்டு அஞ்சலையின் புருஷனும் அதே லாரியில் போனான். நானும் அவளும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை அழுதோம்.

சில நாள் கழித்து, விறகு பொறுக்கப் போனபோது புகைவீட்டின் பின்பக்கம் ஒரு பலகை அசைந்தது. உள்ளிருந்து என் பெயர் கேட்டது. மழையில் லாரி வேகம் குறைந்த இடத்தில் குதித்து, ரப்பர்க் காட்டுக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறார். லயத்துக்கு வர முடியாது. லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். ஓடிவந்தவனைக் காட்டிக்கொடுத்தால் அரிசி என்று கங்காணி சொல்லியிருந்தான். ஒளித்தவளுக்கு என்ன என்பதை அவன் சொல்லவில்லை. பீடோங் பாலத்தில் காவல் நின்ற சிப்பாய்கள் பிடிபட்டவர்களுக்குச் செய்ததை நாங்கள் பார்த்திருந்தோம், அதனால் சொல்லத் தேவையும் இல்லை. அவர் புகைவீட்டின் மேல்தட்டிலேயே இருந்தார். விறகுக்கூடைக்கு அடியில் கிழங்கு கொண்டுபோனேன்.

சோறு பெரிய சிக்கலாக இல்லை. துணிதான் சிக்கலாயிற்று. காற்றுப்புகாத அந்த இருட்டில் வேர்த்து, ஈரத்திலேயே கிடந்து, அவருக்கு இடுப்பிலும் தொடையிலும் சொறி வந்தது, பிறகு புண்ணாயிற்று. மருந்து எங்கும் இல்லை. துணியைக் கொதிக்கவைத்து நன்றாகக் காயவைத்து மாற்றினால்தான் ஆறும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு இருந்தவை இரண்டு காக்கிக் கால்சட்டையும் ஒரு சட்டையும். அவற்றை எங்கே துவைப்பேன்? லயத்துக் குழாயடியில் எல்லாப் பெண்களும் நிற்பார்கள். புருஷன் சயாமுக்குப் போனவள் ஆண்பிள்ளைக் கால்சட்டையைத் துவைத்தால் அஞ்சலையே கேட்பாள். ஆற்றங்கரையில் சிப்பாய்கள் குளித்தார்கள். ரகசியமாகத் துவைத்துவிட்டாலும் காயவைக்க வெயில் வேண்டும். வெயில் இருக்கும் இடமெல்லாம் கண் இருந்தது. புகைவீட்டில் தீ மூட்டினால் புகை ஊருக்குச் சொல்லிவிடும். ஒருநாள் என் சேலைக்கு அடியில் மடித்துப் போட்டேன். காற்றடித்துச் சேலை விலகி, காக்கிக் கால் ஒன்று வெளியே தொங்கியதைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

துரை பங்களாவில் அப்போது ஒரு ஜப்பான் அதிகாரி இருந்தான். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத, கோபம் வந்தால் கன்னத்தில் அறைகிற ஆள். அங்கே சமையல் செய்த தங்கையா அண்ணன் துணி துவைக்க ஆள் தேடினார். பயத்தில் யாரும் போகவில்லை. அந்தப் பங்களாவின் பின்கட்டில் வெள்ளைக்காரி விட்டுப்போன துணி மிஷின் ஒன்று இருந்தது. ஒரு மரத்தொட்டி, உள்ளே துணியை அலச ஒரு கைப்பிடி, மேலே பிழிவதற்கு இரண்டு உருளை. ரப்பர் ஷீட் உருட்டும் மிஷினைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே வெந்நீர் அடுப்பு அறை. அதன் சுவரோரம் கம்பி கட்டியிருந்தது. மழைநாளிலும் அங்கே துணி மொறுமொறுவென்று காயும். அதிகாரியின் துணியும் காக்கிதான். எங்கெங்கோ யோசித்துப் பார்த்துவிட்டு, புலியின் குகையைத் தவிர வேறு எந்த இடமும் நம்பிக்கையாக இல்லை என்று முடிவு செய்தேன். "நா வரேண்ணே" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

பாவாடைக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுபோவேன். அவன் சட்டைகளோடு என் வீட்டுக்காரர் கால்சட்டையையும் கொதிக்கும் தொட்டியில் போட்டுச் சுழற்றி, உருளையில் கொடுத்துப் பிழிந்து, அடுப்பறைக் கம்பியில் கடைசியாக, சுவர் மூலையில் தொங்கவிடுவேன். காயும்வரை அந்த அறையை விட்டு நகரமாட்டேன். உருளைக்குள் விரலை விட்டுக்கொண்டதுகூட உண்டு, கத்தாமல் இழுத்துக்கொண்டேன். ஆனால் அவருக்குப் புண் ஆறத் தொடங்கியது.

பிறகு அந்த நாள் வந்தது. அதிகாரி வெந்நீர் கேட்டுவர ஆளனுப்பாமல் தானே அடுப்பறைக்கு வந்துவிட்டான். கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்து மூலையில் நின்றான். முட்டியில் ஒட்டுப்போட்ட கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கினான்.

"இனி சியாப்பா பூஞா?"

யாருடையது என்கிறான். அவன் என் கழுத்தைப் பார்த்தான், கால்சட்டையைப் பார்த்தான், மறுபடி கேட்டான்.

"சுவாமி?"

மலாயில் புருஷனுக்கு அதுதான் சொல் என்று எனக்கு அன்று தெரியாது. லயத்தில் நாங்கள் கேட்ட மலாயில் 'லாக்கி' என்றுதான் சொல்வார்கள். என் காதில் விழுந்தது கடவுள். இவன் எதற்குச் சாமியைக் கேட்கிறான், சாகப்போகிறவளைச் சாமி கும்பிட்டுக்கொள் என்கிறானா என்று நினைத்தேன். இரண்டு கையையும் கூப்பி, தலைக்குமேல் தூக்கி, கூரையைப் பார்த்து, "சுவாமி... மேல இருக்காரு" என்றேன். கண்ணில் நீர் கொட்டியது.

அவன் கால்சட்டையைக் கம்பியில் பழையபடி போட்டான். முன்பக்கம் சற்றுக் குனிந்தான். கன்னத்தில் விழப்போகும் அறைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். செருப்புச் சத்தம் தள்ளிப்போவதுதான் கேட்டது.

வாசலில் நின்ற தங்கையா அண்ணன் உள்ளே வந்தார். "என்ன சொன்னே தெரியுமா புள்ள? ஒன் புருஷன் செத்துட்டான்னு சொல்லிட்டே."

"ஐயோ, நா எங்கண்ணே..."

"பேசாத." அவர் கம்பியில் தொங்கியதைப் பார்த்தார். பிறகு என்னை. குரலைத் தாழ்த்தி, "அழு. சத்தமா அழு. நிறுத்தாத" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஜப்பான் துரையே சொல்லிவிட்டார், அலமேலு புருஷன் சயாமில் செத்துப்போனான் என்று தங்கையா அண்ணன்தான் சொல்லியிருந்தார். துரை சொன்னதை யார் போய் விசாரிப்பது? கங்காணிகூட வந்து தலை குனிந்து நின்றுவிட்டுப் போனான். அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். "ஒனக்காச்சும் சேதி வந்துச்சு ஆத்தா, எனக்கு அதுவும் வல்லியே" என்று அவள் அழுதபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பெண்கள் கூடிப் பேசினார்கள். காரியத்துக்கு நாள் பார்த்தார்கள். தாலி இறக்க வேண்டும் என்றார்கள்.

விடிகாலையில் விறகுக்கூடையோடு புகைவீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "நா வெளிய வந்து நின்னுடறேன் அலமேலு. இந்தக் கருமம் ஒனக்கு வேணாம்" என்று எழுந்தார். நான் பலகையை மறித்துக்கொண்டு நின்றேன். இறக்கினால் நிஜமாகவே இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம்; இறக்காவிட்டால் நாளைக்கே ஆகிவிடும் என்ற பயம் மறுபக்கம். அவர் யோசித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "கட்டுனவனே அவுத்தா அது அறுக்குறது ஆவாது" என்றார். அவர் கையாலேயே என் கழுத்திலிருந்து அவிழ்த்து, தங்கத்தைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வேறு கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி எனக்குப் போட்டுவிட்டார். காரியத்தன்று அஞ்சலை அந்தக் கயிற்றைத்தான் அறுத்தாள். வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள். எல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கயிறு அறுந்தபோது என் உடம்பு பொய் என்று நம்பவில்லை. மறுநாள் புகைவீட்டுப் பலகையைத் தட்டி, உள்ளிருந்து அவர் குரல் வரும்வரை நான் நின்ற நிலையை எப்படி எழுதுவேன்.

இதை எழுதும்போது உள்ளே புது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் கதவில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் நான் திடுக்கிட்டு எழுகிறேன். மகள் இப்போது சிரிப்பதில்லை.

பங்களா வேலை தொடர்ந்தது. அதிகாரி ஒருநாள் ஒரு சவுக்காரத் துண்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனான். செத்த புருஷனின் கால்சட்டையை வாரந்தோறும் துவைத்து மடிக்கிற பைத்தியக்காரி என்று என்னை நினைத்திருப்பான். அவன் இரக்கம் எனக்கு அவன் கோபத்தைவிட அதிகப் பயம் தந்தது. உண்மை தெரிந்தால் அந்த இரக்கம் என்னவாக மாறும்? அப்படியே நாள் போனது. ஜப்பான்காரன் தோற்றுப்போன சேதி வந்து, பங்களா காலியான பிறகும் என் வீட்டுக்காரர் சில நாள் வெளியே வரவில்லை. வந்தபோது வெயிலைப் பார்த்துக் கண் கூசி, தாடியும் நரையுமாய் லயத்துக்குள் நடந்தார். லயத்துப் பிள்ளைகள் பேய் என்று அலறி ஓடினார்கள். மாரியம்மன் கோயிலில் வைத்து அதே தாலியைத் திரும்பக் கட்டினார். அஞ்சலை வந்து தூரத்தில் நின்றாள். அவள் புருஷன் வரவே இல்லை. அதற்குப் பிறகு குழாயடிக்கு நான் வந்தால், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

சில வருஷம் கழித்து, மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும், மூன்று பேரும் கப்பலேறி ஊருக்குப் போனோம். கூலிம் பக்கம் வேறு தோட்டத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், என் வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்ற பாதிச் சேதியை மட்டும் கேட்டுக்கொண்டு எங்களுக்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார். அம்மா எனக்காக அழுது, மருமகனுக்குக் காரியமும் செய்து முடித்திருந்தாள். பிறகு எங்கள் கடிதம் போயிருந்தது; ஆனாலும் என் வீட்டுக்காரரை வாசலில் கண்டதும் அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரம் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கிற மஞ்சள் தட்டைத் தொட நான் கை நீட்டியபோது, சின்னத்தை மெல்ல என் கையைப் பிடித்தாள்.

"நீ வேணாம் தாயி."

"அவருதான் உசுரோட இருக்காரே அத்த. அன்னிக்கு அறுத்தது வெறும் மஞ்சத்துண்டு."

"இருக்கட்டும், மகராசனா இருக்கட்டும். ஊரு ஒருக்கா அறுத்ததுதானே. வாழப்போற புள்ள..."

அவள் கண்ணில் வெறுப்பு இல்லை. பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதனிடம் வாதாட முடியாது. நான் பின்னால் போய், தூணோரம் வெள்ளைச் சேலையில் நின்ற பெண்களோடு நின்றுகொண்டேன், நெற்றியில் பொட்டோடு. அவர்கள் எனக்கு இடம் விட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. முன்னால் ஆண்கள் பாயில், மடியில் தூங்கும் மகளோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், எல்லாரும் அட்சதை எடுக்கும் நேரத்தில் திரும்பி என்னைத் தேடினார். சுமங்கலிகள் நின்ற வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டலாமா என்று தெரியாமல், நான் தூணோரம் நின்றேன்.