ஒரே நம்பர் தகடு

யாரோ யாருக்கோ சொன்னதை நான் எழுதவில்லை. வடக்கனந்தல் கண்ணாயிரம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவரும் சொன்னார், அவர் மச்சான் வெற்றிவேலும் சொன்னான். தனித்தனியாகத்தான் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் அப்படியே ஒத்துப்போனது. இரண்டு ஜீப்பும் இன்னும் அவரவர் ஷெட்டில் நிற்கின்றன. தைரியம் இருந்தால் வந்து பாருங்கள்.

கண்ணாயிரத்துக்கு ஐம்பது வயது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை. கடையில் வருவதெல்லாம் ஒரு பழைய மிலிட்டரி ஜீப்புக்கே போனது. உலகப்போர் காலத்து வண்டி. துருப்பிடித்த கூடாக வாங்கி, தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, ஓடவும் வைத்துவிட்டார். இதில் பெரிய சாமான்கள் எப்படியாவது கிடைத்துவிடும். உயிரை வாங்குவது சின்னச் சாமான்கள்தான். பெட்ரோல் டேங்க் மூடி. லைட் சுவிட்ச். கம்பெனி அடையாளமாகத் தலையில் 'எஃப்' என்று எழுத்து அடித்த போல்ட். எல்லாவற்றையும்விட, டேஷ்போர்டில் இருக்கும் சின்னத் தகடு. வண்டியின் நம்பரை அதில்தான் குத்தியிருப்பார்கள். ஒரு வண்டிக்கு ஒரு நம்பர். அதே நம்பரில் இன்னொரு தகடு இருக்கவே முடியாது.

வெற்றிவேல், மனைவி தங்கமணியின் தம்பி. அவனிடமும் இதே மாதிரி ஜீப். தகடு மட்டும் அவனுக்கும் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தவன், கண்ணாயிரத்தின் ஜீப்புக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"இன்னா மாமா, போல்ட்டெல்லாம் புதுசா மின்னுது? இது மிலிட்டரி ஜீப்பா, மாப்பிள்ள ஊர்வல ஜீப்பா?"

தங்கமணி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கண்ணாயிரத்தின் நெஞ்சில் குத்தி நின்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் உளுந்தூர்பேட்டையில் பழைய வண்டிக் கண்காட்சி. அதற்குள் தகடு கிடைக்க வேண்டும். அவனுக்குக் கிடைப்பதற்கு முன்னால் கிடைக்க வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டில் பழைய ஜீப் கிடக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கண்ணாயிரம் வாயைத் திறக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தம்பி காதுக்குப் போய்விடும்.

பைக்கில் கிளம்பினார். கோமுகி அணை தாண்டி மலை ஏறும்போதே தூறல். போய்ச் சேர்ந்தபோது சரியாகப் பகல் பன்னிரண்டு.

ஓட்டு வீடு. பக்கத்தில் கொடி படர்ந்த ஜீப். அதன் முன்னால் ஒரு கல்லில், காக்கிச் சட்டையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

தூறலில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டை நனையவில்லை.

கண்ணாயிரம் அப்போது அதை யோசிக்கவில்லை. அவர் கண் பெரியவரின் மடியில் இருந்தது. தகடு. மூடி. சுவிட்ச். நாலு எஃப் போல்ட். கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தார்.

"வேற ஒருத்தன் வந்து கேட்டான்," என்றார் பெரியவர். "சின்ன வயசுக்காரன்."

"கீழ இருந்தா? குடுத்துட்டீங்களா?"

"குடுக்கல. உனக்குத்தான் குடுக்கணும்னு தோணுச்சு."

கண்ணாயிரத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எவ்வளவு என்று கேட்டார்.

"காசு வேணாம். அவன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாரு. அது போதும்."

கையில் வாங்கினார். சில்லென்று இருந்தது. எல்லாவற்றிலும் ஈரச் செம்மண்.

வீட்டில் டீசல் ஊற்றி, பிரஷ் போட்டு, மண் போகத் தேய்த்து மாட்டினார். காலையில் பார்த்தால் தகட்டைச் சுற்றி ஈரச் செம்மண்.

மறுபடியும் துடைத்தார்.

மறுபடியும் மண்.

பிறகு ஷெட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிர்... கிர்... இரும்பை நகத்தால் சுரண்டுவது போல. எலி என்று கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. மூடினார்.

கிர்...

தங்கமணி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். கண்ணாயிரம் விடவில்லை. வெற்றிவேலின் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

கண்காட்சி அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டார்.

"வாடா மச்சான். டார்ச்சு எடுத்தாந்தியா?"

வெற்றிவேல் வந்தான். குனிந்து தகட்டைப் பார்த்தான். மூஞ்சி வெளுத்தது. ஆனால் அது பொறாமை இல்லை. மாமாவின் கையைப் பிடித்துத் தன் ஜீப்புக்கு இழுத்துப் போனான்.

அங்கேயும் ஒரு தகடு.

அதே நம்பர்.

ஓரத்தில்... ஈரச் செம்மண்.

"எங்கடா வாங்கின?"

"வெள்ளிமலைக்கு அந்தாண்ட, மாமா. காக்கி சட்ட பெரியவரு. வயசான ஆளு ஒருத்தன் வந்து கேட்டான், அவனுக்கு குடுக்கல, உனக்குத்தான்னு..."

அன்றைக்கே இருவரும் ஒரே பைக்கில் மலை ஏறினார்கள். பெரியவர் இல்லை. பச்சமுத்து என்று ஒருவன் வெளியே வந்தான்.

"எங்கப்பாவா? அவரு செத்து நாலு வருசம் ஆவுதுங்க."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினான். சிமென்ட் பூசிய சமாதி. ஒரு கீறல் இல்லை.

"எங்க சித்தப்பாவுக்கும் அவருக்கும் இந்த வண்டியால பேச்சே கெடயாது. தம்பிக்காரன் ஓட்டிடக் கூடாதுன்னு சின்னச் சாமான் எல்லாத்தயும் கழட்டி வெச்சிக்கினாரு. செத்தா எங்கூடவே போட்டு மூடுன்னாரு. செத்தவங்க ஆசப்பட்ட பொருள குழியில வெக்கிறது எங்க வழக்கம்ங்க. என் கையாலதான் வெச்சேன். தகடு, மூடி, சுவிட்ச்சு, நாலு போல்ட்டு..."

அதெல்லாம் தங்கள் ஜீப்புகளில் மாட்டியிருப்பதை இருவரும் சொன்னார்கள்.

"அதுங்கள கழட்டியாந்து இங்கயே வெச்சிடுங்க," என்றான் பச்சமுத்து. "ரெண்டு பேருமே."

கீழே வந்தார்கள். கண்ணாயிரத்தின் ஷெட் வாசலில் ஸ்பேனரோடு நின்றார்கள்.

"நீ மொதல்ல கழட்டு."

"நீங்க கழட்டுங்க மாமா."

"நான் கழட்டினா, நீ அப்படியே வெச்சிக்குவ."

"நீங்க மட்டும் இன்னாவாம்?"

கிர்... கிர்...

இன்றுவரை இரண்டு பேரும் கழற்றவில்லை.

காத்திருந்து பார்த்த பச்சமுத்து, மனசு கேட்காமல் போன வாரம் ஆள் வைத்துச் சமாதியை உடைத்திருக்கிறான். கண்ணாயிரத்துக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சாமான் எல்லாம் வெச்சது வெச்சபடியே கீதுங்க..."

கண்ணாயிரம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கப்பாதான் இல்ல."